பட்டியலைச் சட்டென்று ஒன்றாக்கிய ரோசி மீது புகார்

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்
12-12-1988

காரைக்காலில் வாழும் மதிப்பிற்குரிய மச்சான் அல்போன்ஸ் அவர்களுக்கு, பாஸ்கல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை உள்பட இங்கு எல்லாரும் தேவமாதா தயவால் சுகம். என் மனம் மட்டும் சுகமில்லை. காரணம், நான் சிபாரிசு செய்து என் ஆபீஸில் தற்காலிக வேலைக்குச் சேர்த்துவிட்ட உங்கள் மகள் ரோசி.

வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் பட்டியல், வில்லியனூருக்கு ஐயாயிரம் பேர், பாகூருக்கு நாலாயிரம் பேர் என்று தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் நிவாரண அரிசி. ஆறு வாரப் பயிற்சி முடித்த நானே 'சி' மொழியில் புரோகிராம் எழுதினேன். வில்லியனூர்ப் பட்டியலின் கடைசியில் பாகூர்ப் பெயர் ஒன்றைச் சேர்க்க, மெமரியில் ஓர் ஆள் கூடுதலாகப் பிடிக்கிற புது இடம் வாங்கி, பழைய ஐயாயிரத்தையும் அங்கே நகலெடுத்து, பிறகு அந்தப் பெயரை வைக்கும். அடுத்த பெயருக்கு மறுபடி புது இடம், மறுபடி முழு நகல். ஒழுங்கான அரசாங்க முறை. காலையில் ஓடவிட்டால் மாலை வரை மிஷின் முனகும், தினமும் நடுவில் கரண்ட் போய் மறுநாள் முதலிலிருந்து, இப்படியே பதினோரு நாள், பாகூர்ப் பக்கம் பனித்திட்டு ஊரில் வீடு இழந்த காசம்மாள் தினமும் பஸ் ஏறி வந்து "எம் பேரு ஏறிச்சாபா?" என்று கேட்பதும், நான் "ஏறிக்கினே இருக்குதும்மா" என்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

நேற்று முன்தினம் அந்த அம்மாள் எதிரிலேயே ரோசி கேட்கிறாள்: "இன்னா மாமா இது, புதுசா ஒரு ஆளு வந்தா ஊரே வூடு மாறணுமா? ரெண்டு பட்டியலையும் மொதல்ல எண்ணுங்க. ஒம்பதாயிரத்துக்கும் ஒரே தபா எடம் வாங்குங்க. இத அப்படியே ஒரு நகல், அத அப்படியே ஒரு நகல். முடிஞ்சிச்சு."

"மூணு மாச வேலைன்னு மேல எழுதிக் குடுத்துட்டேன்டி, பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் எட்டு வரியை மாற்றி, கம்பைல் செய்து ஓடவிட்டிருக்கிறாள். திரும்பி வந்தால் பிரிண்டர் கடகடவென்று பெயர்களை அடித்துக்கொண்டிருக்கிறது, காசம்மாள் தன் பெயர் வந்த தாளைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், பதினோரு நாள் பதில் சொன்ன என்னை விட்டுவிட்டு ரோசிக்குக் கும்பிடு! ஓவர்டைம் போச்சு, கேட்டிருந்த மூன்று உதவியாளர்கள் போச்சு. பக்கத்து சீட் மணவாளன் வேறு, "மிச்ச ரெண்டரை மாசம் இன்னா சார் பண்ணப்போறீங்க?" என்று பல்லைக் காட்டுகிறார்.

ஆகவே மகளைக் கண்டித்து உடனே எழுதவும், அல்லது வந்து அழைத்துப்போகவும். உங்கள் வீட்டார் எல்லாருக்கும் அந்தோணியார் காவலாக இருப்பாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த
பாஸ்கல்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் உத்தரவு வந்தது. ரோசிக்கு வேலை நிரந்தரம். வரும் திங்கட்கிழமை முதல் எனக்குப் பயிற்சி கொடுப்பவளும் அவளே. மேலே எழுதியதைக் கிழித்துவிடவும். 'மாமாவுக்குக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக்கொடம்மா' என்று மட்டும் அவளுக்கு ஒரு வரி எழுதவும்.