பேர் வாங்கிய சம்பந்திக்கு

மில்பிடாஸ்,
6 செப்டம்பர் 2006

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி ஞானமுத்து அவர்களுக்கு, ஜீவரத்தினம் எழுதிக்கொள்வது. கிருபையால் இங்கே யாவரும் சுகம். எடிசனில் மூத்த மகன் வீட்டில் நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உங்கள் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். என்னுடையது இறங்கவில்லை. காரணத்தை எழுதலாமா கூடாதா என்று நான்கு நாள் யோசித்து, இரண்டு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நாம் அலாஸ்கா போய்வந்து ஐந்து வாரம் ஆகிறது. அன்றிலிருந்து நம் பேத்தி பிரீத்தா உங்களைப் 'பேர் தாத்தா' என்கிறாள். அவள் சொல்வது ஆங்கிலத்துக் கரடிதான். ஆனால் தமிழ்க் காதில் விழும்போது பேர் வாங்கிய தாத்தா நீங்கள், பேரில்லாதவன் நான் என்று கேட்கிறது. என்னை அவள் எப்படிச் சொல்கிறாள் தெரியுமா? 'அதர் தாத்தா.'

பொறாமை என்று நினைக்க வேண்டாம். முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவன் நான். தூந்திரப் பிரதேசத்தைப் பார்க்காமலே கரும்பலகையில் வரைந்து காட்டியவன். அங்கே வனவிலங்குப் பூங்காவில் தந்த கையேட்டை மூன்று முறை படித்து, முப்பத்தெட்டு விலங்குகளின் பட்டியல் எழுதி, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் பார்த்து, பஸ்ஸில் இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நீங்களோ பனியாற்றைக் காட்டியபோது, "சம்பந்தி, இது நம்ம கொளச்சல் சந்தையில மீனுக்குப் போடுற ஐஸு மாதிரில்லா கெடக்கு?" என்று கேட்டுவிட்டு, குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுத் தூங்கினீர்கள். கரடியைக் கண்டால் ஓடக் கூடாது, கையை உயர்த்தித் தணிந்த குரலில் பேச வேண்டும் என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தவன் நான்தான். பஸ் நின்றதும் கழிப்பறை வரிசையில் ஒன்பதாவது ஆளாக முறைப்படி நின்றவனும் நான்தான். நீங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புதருக்குப் பின்னால் போனீர்கள். திரும்பி வந்து, "ஒரு கரடி நின்னுது. எடேய், உன் சோலியப் பாத்துட்டுப் போடேன்னேன். போயிட்டு" என்றீர்கள்.

பிரீத்தா உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "டஸ் இட் நோ டமில், தாத்தா?" என்று கேட்டாள்.

"நம்ம நாரோயில் தமிழ் நல்லாவே தெரியும், மக்ளே."

சாட்சி இல்லை, படம் இல்லை. என் கணிப்பில் அது முள்ளம்பன்றியாக இருக்கலாம், காற்றில் அசைந்த செடியாகவும் இருக்கலாம். (என் கணிப்புகள் பலமுறை தவறியிருக்கின்றன, மன்னிக்கவும்.) தினமும் பள்ளிக்கு அவள் பையைச் சுமந்துகொண்டு போகிறவன் நான். போகிற வழியெல்லாம், "பேர் தாத்தா எப்ப வருவாங்க?" என்பதுதான் பேச்சு. ஆகையால், ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் பேசும்போது, அது கரடிதானா என்று நிச்சயமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நாம் இருவரும் பழையபடி வெறும் தாத்தாக்களாக இருக்கலாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லவும். வழியிலும் புதர் மறைவிலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
ஜீவரத்தினம்

பி.கு.: கடிதத்தைக் கவரில் போட்டு இரண்டு நாள் தபாலில் சேர்க்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் பிரீத்தாவின் வகுப்பில் தாத்தா பாட்டி தினம் வந்தது, போனேன். ஒரு பையன் எல்லார் முன்னாலும், "ஆர் யூ த பேர் தாத்தா?" என்று கேட்டான். பிரீத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'யெஸ்' என்றுவிட்டேன். பிறகு இருபத்தைந்து நிமிடம் பேசினேன். வீடு வந்து சேரும்வரை பிள்ளை என் கையை விடவில்லை. எனவே போனில் எதையும் மறுக்க வேண்டாம், அது கரடியேதான். அது ஓடிப்போயிற்று என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஓடியதா, நடந்து போனதா என்று மட்டும் உடனே எழுதவும். பிள்ளைகளுக்குத் தவறான தகவல் போய்விடக் கூடாது.