லக்கியை லோரியில் ஏற்றும் விஷயமாக

லகாட், ஈப்போ.

அன்புள்ள மச்சினன் தீபன் அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் கார்த்திகேசு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள் துளசி, நீ விட்டுப்போன குதிரை ஆகிய மூவரும் ஆண்டவன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். ஜொகூரில் நீ சுகமாகத்தான் இருப்பாய். சுமையை அடுத்தவன் தலையில் இறக்கி வைத்தவனுக்கு என்ன குறை? வாட்சாப்பில் என்னை பிளாக் செய்துவிட்டதால், இந்த வயதில் தபால்தலை ஒட்டி எழுதவேண்டிய தலையெழுத்து.

லக்கியைக் கல்யாண ஊர்வலம் நடத்தும் ஒருவருக்கு விற்றுவிட்டேன், சனிக்கிழமை லோரி வரும், ஏற்றி அனுப்பவும் என்று உன் அக்காவுக்கு மட்டும் மெசேஜ் போட்டிருக்கிறாய். பயந்த குதிரைதான், ஆனால் அவர் ரெண்டு சவுக்கடி போட்டுப் பழக்கிவிடுவார் என்றும் எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். தாராளமாக ஏற்றி அனுப்புகிறேன். அதற்கு முன்னால் நான் பட்ட பாட்டை நீ கேட்டே ஆகணும்.

ரேஸ்ல ஓடி ஓய்ஞ்ச குதிரை மச்சான், மாப்பிள்ளைய மேல ஏத்தி மண்டப வாசலுக்குக் கொண்டு போனா நல்ல பிசினஸ் லா, செகஜாப், கொஞ்ச நாள்தான், உங்க மாட்டுக் கொட்டகையில நிக்கட்டும் என்று சொல்லி விட்டுப்போனாய். நானும் நம்பினேன். முதல் கல்யாணம் சிலிபின் பக்கம். உருமியில் முதல் அடி விழுந்ததும் மாப்பிள்ளை லொங்காங் சாக்கடையில் கிடந்தார், தலைப்பாகை மாமரத்தில் தொங்கியது. குதிரை ஒரு பக்கம் ஓடியது, நீ ஒரு பக்கம் ஓடினாய். குதிரை திரும்பி வந்தது.

நான் காலமெல்லாம் லோரி ஓட்டினவன். புது வண்டி வந்தால் பூசை போடாமல் சாவியைத் தொடமாட்டேன். இதுக்கும் கண்ணுபட்டிருக்கும் என்று நினைத்து, நாலு டயருக்கும் வைக்கிற மாதிரி நாலு குளம்புக்கும் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மூக்குக்கு நேரே கற்பூரம் காட்டி, சுத்தி வந்து தேங்காயை ஓங்கி உடைத்தேன் பாரு. கொட்டகை தகரம் ஒன்று பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு மேலே போய் விழுந்தது. நான் சாணிக்குழியில். குதிரை பழைய ஈயச் சுரங்கத்துக் குட்டை ஓரத்தில் போய் நின்று உடம்பெல்லாம் நடுங்கியது. எலுமிச்சம்பழத்தில் ஒன்றுகூட நசுங்கவில்லை.

அப்புறம்தான் குதிரை டாக்டர் ஷர்மினியைக் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு குதிரையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குதிரைக்கு ஒண்ணும் இல்ல அங்கிள், உங்க கோபம் கயிறு வழியா அதுக்குப் போகுது என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மேலே ஏறுவதெல்லாம் அப்புறமாம், முதலில் தரையில் நின்று பழகணுமாம். கயிற்றைத் தளர்த்திப் பிடிக்கணும். கண்ணுக்குக் கண் பாக்கக் கூடாது. அதோட நெஞ்சில ஒரு விரலை வச்சு பின்னால போன்னு கேக்கணும், அது ஒரு அடி எடுத்து வச்ச உடனே விரலை எடுத்துரணும். பயந்தா இழுக்கக் கூடாது, கத்தக் கூடாது, சும்மா கூட நிக்கணும். நான் சும்மா நிக்கிறதை வேலி ஓரமா நின்னு பாக்கிறதுக்கே எங்க தாமான் குடியிருப்பு ஆளுங்க சாயங்காலம் டீயோட வர ஆரம்பிச்சிட்டாங்க. கார்த்திகேசுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு கோயில் வரைக்கும் பேச்சு.

பிளாஸ்டிக் பைன்னா அதுக்கு எமன். தூரத்தில நின்னு பையை ஆட்டணும், அது ஓடாம நின்னா பையை ஒளிச்சிரணும், மறுநாள் கொஞ்சம் கிட்ட. மழையில நின்னேன், கொசுக்கடியில நின்னேன். இப்ப அதே பையால முதுகைத் தேச்சு விடுறேன், கண்ணு சொக்கி நிக்குது. கயிறே இல்லாம நான் நடந்தா பின்னால வருது. நின்னா நிக்குது. அன்னைக்கு அதுகிட்ட மெதுவா பேசிக்கிட்டிருந்தேன், உங்க அக்கா பின்னால நின்னு கேட்டிருக்கா.

"இத்தனை வருஷமா இந்தக் குரலை எங்க வச்சிருந்தீங்க?"

அவ்வளவுதான் கேட்டா. உள்ள போய்ட்டா. அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல டா. இதெல்லாம் உன்னால வந்த வினை. நீ பாட்டுக்கு வித்துட்ட. உன்னை நம்பினவன் கதி என்னன்னு எனக்குத் தெரியும், நான்தான் அது. சவுக்கடி போடப்போறவன்கிட்ட இதை அனுப்பறதுக்குத்தான் நான் விரலை வச்சு எடுத்து, வச்சு எடுத்து நின்னேனா?

சரி, இருக்கட்டும். குதிரை உன்னுடையது, நான் யார் கேட்க? சனிக்கிழமை என் கையாலேயே ஏற்றி அனுப்பிவிட்டு, கொட்டகையைக் கழுவிவிட்டு நிம்மதியாகப் படுப்பேன். நீயும் உன் வியாபாரமும் பல்லாண்டு வாழ்க என்று பெரியவன் என்ற முறையில் வேறு வழியில்லாமல் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கார்த்திகேசு

பின்குறிப்பு: இன்னைக்குத்தான் சனிக்கிழமை. கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள லோரி வந்திருச்சு. ரெண்டு பேர் முன்னால இழுத்தாங்க, ஒருத்தன் பின்னால நின்னு வாளியைத் தட்டினான். வேர்த்து ஊத்துது அதுக்கு, பலகையில ஒரு குளம்பு வைக்கல. என்னையே பாத்துச்சு. "அண்ணே, நீங்க முன்னால ஏறுங்க, பின்னாலயே வந்துரும்"னு டிரைவர் சொன்னான். வரும் லா, எனக்குத் தெரியாதா? நான் ஏறினா ஒரு கேள்வி கேக்காம பின்னால வரும். அதனாலதான் நான் ஏறல. லோரி காலியாத்தான் போகுது.