ட்ராபிக் போலீஸ் காலியாக வைத்த இடம்

எவரையும் நம்பாமல் ஒரு மனிதன் நாகர்கோவிலில் உண்டு, உடுத்து, உறங்கி நிம்மதியாக வாழ்ந்துவிட முடியும் என்று நிரூபித்தவர் எங்கள் ஆபீஸ் ‘ட்ராபிக் போலீஸ்’. தொப்பி, விசில் எதுவும் கிடையாது. கம்பியில்லா இன்டர்நெட் விற்கும் சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். கடற்கரை ஊர்களுக்கு டவர் வழியாகப் போகும் டேட்டாவில் எது முந்த வேண்டும், எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் வேலை. ஒதுங்கி நின்றவர்கள் போனில் திட்டுவதைக் கேட்டுக்கொள்வது என் வேலை.

“காத்துல ஒரே சமயம் ரெண்டுபேரு பேசினா ரெண்டும் நாசமாப் போவும் பிள்ளே. ஆளுக்கொரு நேரம் பிரிச்சுக் குடுக்கணும். பிந்தினா கெட்டுப்போறதுக்கு முதல்ல வழி. மத்ததெல்லாம் நிக்கட்டும்.”

இந்தச் சட்டத்தை அவர் ஆபீஸோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரின் கையைப் பிடித்துவிட்டார்.

“பப்படத்த எதுக்கு முதல்லயே வச்சிய? சோறு வருததுக்குள்ள நமத்துப் போவும்லா?”

“அண்ணன் பொண்ணு வீடா, மாப்பிள வீடா?”

“நெட்வொர்க்கு.”

பரிமாறியவர் போனதும் என் காதில் கிசுகிசுத்தார்: “நமத்த பப்படத்த எவனும் ரெண்டாவது கேக்க மாட்டான். திட்டம் போட்டுச் செய்யுதானுவ.”

ஆபீஸில் யார் செல்போனைத் தொட்டாலும் பின்னால் வந்து நிற்பார்.

“என்ன, டவுன்லோடா?”

“இல்லண்ணே, மணி பாத்தேன்.”

“மணி பாக்க ரெண்டு கை எதுக்கு?”

இப்படிப்பட்டவர் மீதே எங்களுக்குச் சந்தேகம் வந்தது. முட்டம் கடற்கரை டவரில் கொஞ்ச நேரத்தை மட்டும் எப்போதும் காலியாக வைத்திருந்தார். ஊரே போன் திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், அந்த இடத்துக்குள் ஒருவரையும் விடமாட்டார்.

“யாருக்கு வேண்டியாக்கும் வச்சிருக்கீரு?” என்று மேனேஜர் ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

“தேவைப்படுதவனுக்கு சார்.”

“அது யாரு?”

“இன்னும் வரல்ல.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய் முட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் போன் போடுகிறார். படிக்கட்டில் நின்று கேட்டேன். “சத்தம் தெளிவாக் கேக்கா? விட்டு விட்டு வருதா? சரி, நாளைக்கும் கூப்பிடுதேன்.” காதல்தான் என்று ஆபீஸே முடிவு கட்டியது. கம்பெனி டவரில் காதலிக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்!

அந்தச் சமயத்தில் பெரிய கால்பந்துப் போட்டி வந்தது. கால்பந்து என்றால் கடற்கரையில் சோறு வேண்டாம். முட்டத்தில் திரை கட்டிவிட்டார்கள். “இன்னைக்கு அந்தக் காலி இடத்தையும் மேட்சுக்கு விட்டுக் குடும்” என்றார் மேனேஜர். “சரி சார்” என்றார் ட்ராபிக் போலீஸ். அவர் மறுபேச்சு பேசாமல் சம்மதித்ததில் எங்கள் சந்தேகம் இன்னும் கூடியது.

ஆட்டம் சமனாகி பெனால்டிக்குப் போனது. நாலைந்து பேர் அடித்தபின் ஒருவன் ஓடிவந்து காலைத் தூக்கினான். படம் நின்றுவிட்டது.

என் மேசையில் போன்கள் அலறின. “ஏ பிள்ளே, கால தூக்கிட்டு நிக்கான்! எப்பம் அடிப்பான்?”

மேனேஜர் ஓடிவந்தார். “என்னவே செஞ்சீரு?”

ட்ராபிக் போலீஸ் தன் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முட்டம் கிளினிக்ல நெஞ்சுவலின்னு ஒரு ஆளக் கொண்டுவந்திருக்கு. அங்க இருக்க ஈசிஜி மிஷின் ஓடினா அந்த இடம் தன்னால அதுக்குத் திரும்பி வரும்படி வச்சிருந்தேன்.”

“எங்கிட்டக் கேக்காமலா?”

“கேட்டா வேண்டாம்பிய.”

மீன் ஏலம் விடுகிறவர், முதல் பெனால்டி பார்க்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். அவருடைய இதயத் துடிப்பின் கோடு முட்டத்திலிருந்து நாகர்கோவில் டாக்டரின் திரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே டாக்டர் அங்கிருந்த நர்ஸுக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மொட்டைமாடிப் போனில் இவர் தினமும் ‘கேக்கா’ என்று கேட்டது இந்த நர்ஸிடம்தான். காதல் இல்லை, லைன் சோதனை!

“கோடு நடுவுல நின்னுச்சுன்னா, நின்னது நெஞ்சா நெட்டான்னு டாக்டருக்கு எப்பிடி சார் தெரியும்?”

மேனேஜர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அடித்துக்கொண்டிருந்த ஒரு போனை எடுத்துத் திட்டு வாங்க ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

ஏலக்காரர் பிழைத்துக்கொண்டார். தேறியதும் நெய்மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே வந்தார். ட்ராபிக் போலீஸ் செவுளைத் திறந்து பார்த்தார். “இன்னைக்குப் பிடிச்சதுதானா?”

“அது இருக்கட்டு மக்கா. அந்த முதல் பெனால்டி கோலா, இல்லியா? வீட்ல ஒருத்தனும் சொல்ல மாட்டங்கான்.”

“டாக்டர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன்.”

இடம் தன்னால் திரும்பும் அந்த ஏற்பாட்டை முன்னமே செய்து, இடத்தைக் காலியாக வைக்காமல் இருந்திருந்தால் இத்தனை சந்தேகம் வந்திருக்காதே என்று அப்புறம் கேட்டேன். “நான் எழுதின ப்ரோக்ராமாக்கும் பிள்ளே. அத எப்பிடி நம்புதது?” என்றார்.

இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். பக்கத்தில் யாராவது ஒட்டுக் கேட்கிறார்களா என்று முதலில் விசாரிப்பார். குரல் விட்டு விட்டு வரும், பாதி புரியாது. அதற்காக நான் ஒருநாளும் போனை வைத்ததில்லை.