உச்சிமாகாளியின் கல்யாண லீவு

ஒரகடத்தில் கார்க் கண்ணாடிக்கு ரப்பர் விளிம்பு செய்யும் ஆலையொன்றில், 2004-ஆம் ஆண்டு, நிர்வாகச் சீர்திருத்தம் இனிதே பிறந்தது. அறுநூற்று நாற்பது பேரின் விவரமும் இனி கம்ப்யூட்டரில். ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதிக் கொடுத்த அருள்பாண்டி விளக்கினான்: "எல்லாருக்கும் எல்லாத்தையும் எழுத வேண்டாம் சார். ஒருத்தரை முன்மாதிரியா வெச்சிடலாம். மத்தவங்க கட்டம் காலியா இருந்தா, அவர்கிட்ட உள்ளதை மெஷின் எடுத்துக்கும்."

"ஆஹா, வேலை மிச்சம்!" என்றார் நிர்வாக அதிகாரி சங்கரநாராயணன். மூன்று வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காத கோவில்பட்டி உச்சிமாகாளி, தக்க மரியாதையுடன் முன்மாதிரியாக நியமிக்கப்பட்டான். அன்றைக்குப் பிடித்தது அவனுக்குச் சனி.

தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் பூமாரி. மூன்று நாள் லீவு கேட்டான்.

"உனக்குப் போட்டா அறுநூத்து நாப்பது பேருக்கும் விழுமேப்பா! கல்யாணத்தைத் தள்ளி வை" என்றார் அதிகாரி.

"அய்யா, பத்திரிகை அடிச்சாச்சுய்யா!" பாவம், அழாத குறை.

அருள்பாண்டி வழி சொன்னான். அவரவர் ஃபாரத்தை அவரவர் நிரப்பினால் போதும்; அப்புறம் மெஷின் உச்சிமாகாளியைத் தேடிப் போகாது.

உச்சிமாகாளி லைன் லைனாக ஃபாரமும் கையுமாக அலைந்தான். ஒரு பயலும் பேனாவைத் தொடவில்லை. "இன்னாபா, நீ லீவுல போனா எங்களுக்கும் லீவு. நாங்க ஏன் எழுதிக்கினு கெடக்கணும்?" என்றான் பகலவன். கடைசியில் உச்சிமாகாளி அதிகாரியிடமே ஒரு ஃபாரத்தை நீட்டினான். "அதிகாரி ஃபாரம் நிரப்பும் வழக்கமில்லை" என்றவர், தமக்கும் திருப்பதி போக மூன்று நாள் தேவைப்பட்டதால், லீவு மனுவில் கையெழுத்துப் போட்டார்.

ஆலைக்கே பூட்டு. முந்நூறு பேர் பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

திரும்பி வந்த உச்சிமாகாளி, தன் கட்டத்தில் 'மனைவி: பூமாரி' என்று முறைப்படி எழுதிக் கொடுத்தான். எழுதாமலே இருந்திருக்கலாம். மறுவாரம் வந்த ஆஸ்பத்திரி கார்டு அத்தனையிலும் மனைவி பூமாரி. பேக்கிங் பிரிவு முத்துச்செல்விக்கும் அவளேதான்.

நிர்வாகம் விழித்துக்கொண்டது. பூமாரி தன் மனைவிதான் என்று உச்சிமாகாளி ஏழு நாளில் சாட்சியுடன் நிரூபிக்க வேண்டும்; தவறினால் மோசடிக்காக வேலைநீக்கம்.

"கல்யாணத்துக்கு வந்த முந்நூறு பேரும் சாட்சிய்யா!"

"செல்லாது. ரெக்கார்டுப்படி அவங்களும் பூமாரிக்குப் புருஷன்தான். சம்பந்தப்பட்டவங்க சாட்சி சொல்ல விதியில்லை" என்றார் அதிகாரி.

அந்த நேரம் பார்த்து, அதிகாரியின் சம்சாரம் ராஜம்மா அவருடைய கார்டோடு உள்ளே நுழைந்தாள். "யாருங்க இந்தப் பூமாரி?"

அதிகாரி கார்டைப் பிடுங்கிப் பார்த்தார். "அருள்பாண்டி! என் கட்டத்துல இதை எவன்யா எழுதினான்?"

"யாருமே எழுதலை சார்," என்றான் அருள்பாண்டி. "நீங்களும்தான்."