பேஷன்ட் நானாவின் வியாதிகள்

கொழும்பு மாநகரத்தில் சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, மூட்டுவலி, மனச்சோர்வு ஆகிய அத்தனையும் ஒரே உடம்பில் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பல்கலைக்கழகச் சுகாதார பீடத்தின் வேன் சாரதிதான். ஒருமுறை அவர் ஏழு மாதக் கர்ப்பமாகவும் இருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மீசை முழுக்க நரைத்திருந்தது.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் பாவித்ததில்லை. கொழும்பு முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் எல்லோருக்கும் அவர் பேஷன்ட் நானா. எனக்கு மட்டும், இந்தப் பீடத்தில் நான் மிக அதிகமாகப் பொறாமைப்பட்ட ஆள்.

காரணத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பீடத்தில் சேரும் இளம் விரிவுரையாளர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் ஓர் ஆய்வை முடித்துப் பட்டம் பெற வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும். அதற்காக ஆளுக்கொரு வினாக்கொத்தைத் தயாரித்துக்கொண்டு மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். அதற்கு முன் அந்தக் கேள்விகளை யாரிடமாவது கேட்டுப் பார்ப்பது வழக்கம். இதற்குப் பெயர் முன்சோதனை.

ஒரு மழை நாளில் கொட்டாஞ்சேனை நெரிசலில் வேன் நகராமல் நின்றபோது, உள்ளே இருந்த இளம் பெண்ணொருத்தி, "நானா, சும்மாதானே இருக்கிறீங்கள், இதைக் கொஞ்சம் கேட்டுப் பாக்கட்டே?" என்றாள். அது நீரிழிவு பற்றிய வினாக்கொத்து. சந்தியைக் கடப்பதற்குள் நானாவுக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரையும் காலில் ஒரு புண்ணும் வந்துவிட்டன. அன்று தொடங்கியது.

பிறகு அது ஒரு கலையாகிவிட்டது. மரத்தடியில் நிற்கும் வேன்தான் வீடு. வந்தவர்கள் கதவைத் தட்ட வேண்டும். தட்டியது நானாவுக்குப் பிடிக்காவிட்டால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"வீட்டுல ஆள் இல்ல!"

"நானா, நீங்கதானே கதைக்கிறீங்கள்?"

"நான் பக்கத்து வீடு!"

கதவைத் திறந்தால் காலியான பின்சீட்டைப் பார்த்து, "டேய், டீவியக் கொறைங்கடா, டொக்டர் மிஸ் வந்தீக்கிறாங்க" என்று அதட்டுவார். அந்தக் கர்ப்பம் வந்ததும் இப்படித்தான், தாய்மாரைப் பற்றி ஆராய்ந்த ஒருத்தியின் வினாக்கொத்துக்காக.

"எத்தனை மாசம் எண்டு போட நானா?"

"ஏழு போடுங்க மகள். அஞ்சுல ஒரு கரச்சலும் இல்ல. ஏழுலதான் காலு வீங்கும். எங்கட வீட்டுல நாலு தரம் பாத்தது."

"கணவர் உங்களுக்கு உதவியாக இருக்கிறாரா? எப்போதும், சில வேளைகளில், ஒருபோதும் இல்லை."

நானா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மாமி பின்னால நிக்கிறா. இப்ப 'எப்போதும்' எண்டு போடுங்க. அவ குசினிக்குப் போனதும் திரும்பக் கேளுங்க."

அந்தப் பெண் அன்றே தன் ஆய்வுமுறையை மாற்றி எழுதினாள். தாய்மாரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று நான் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தேன். நான் சொன்னபோது அவள் குறிப்பெடுத்தாள். நானா சொன்னபோது புரிந்துகொண்டாள்.

நான் யார் என்று சொல்லவில்லையே. இளம் ஆய்வாளர்களுக்கு உதவும் பிரிவின் பொறுப்பாளர் நான்தான். புதன்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, இரண்டாம் மாடியில், என் அறையில் ஆலோசனை நேரம். வருகிறவர்கள் கையெழுத்திட மூன்று நிரல் கொண்ட பதிவேடு வைத்திருந்தேன். நேர்முகம் காண்பது எப்படி என்று அறுபத்திரண்டு பக்கக் கைநூல் ஒன்றும் எழுதியிருந்தேன். பேனா இருந்தது. பிஸ்கட் இருந்தது. ஆள்தான் இல்லை.

ஒரு புதன்கிழமை இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குக் கதவு தட்டப்பட்டது. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாரும், இரும்" என்றேன். வந்த பொடியன் இருக்கவில்லை.

"மேடம், நானாட வேன் இண்டைக்கு எங்க நிக்குது?"

என் ஜன்னலுக்கு எதிரே, கீழே மரத்தடியில் நின்றது. காட்டினேன். பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இந்த இளம் ஆய்வாளர்களுடைய ஆய்வேடுகளின் நன்றியுரையை நான் முதலில் படிப்பேன். பெற்றோர், மேற்பார்வையாளர், அடுத்ததாக நானா. நான் எப்போதும் 'மற்றும் உதவிய அனைவருக்கும்' என்ற இடத்தில் இருந்தேன்.

ஆகவே புதன்கிழமைகளில் நான் ஜன்னலருகே அமர்ந்து நானாவைக் கவனித்து நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினேன். வேன் கதவு திறந்தே இருக்கும், பேச்சும் மேலே கேட்கும். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எத்தனை முறை சிரித்தார்கள். வெள்ளவத்தை வீட்டில் ஒருநாள் என் கணவர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டார்.

"உமக்கு அந்த வேன்காரரோட என்ன போட்டி?"

"போட்டி இல்லை. அவதானிப்பு."

"இதில 'பதினொரு தரம் சிரித்தாள்' எண்டு சிவப்பு மையில கிடக்கு."

நான் நாட்குறிப்பை வாங்கி மூடிவைத்தேன்.

இந்த நிலையில்தான் தர்ஷினி வந்தாள். என்னிடம் இல்லை, வேனுக்கு. அவள் தாதியியல் விரிவுரையாளர். மாரடைப்பு வந்தவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. முதல் முன்சோதனையில் நானா மட்டக்குளி மீனவராக இருந்தார். மூன்றாம் கேள்வியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மீது விழுந்தார். ஹார்ன் ஒரு நிமிடம் முழுக்க அலறியது. பீடாதிபதியே வெளியே வந்து எட்டிப் பார்த்தார். வேடிக்கை பார்த்த பொடியன்கள் கைதட்டினார்கள். அவர் பிடித்தது வலது பக்க நெஞ்சை. 'தவறான பக்கம்' என்று எழுதி, இரண்டு முறை கீழ்க்கோடிட்டேன். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

அடுத்த புதன்கிழமை, திருத்திய வினாக்கொத்துடன் தர்ஷினி மீண்டும் வந்தாள். இரண்டு மணி பத்துக்குக் கதவைத் தட்டினாள். 'பக்கத்து வீடு' என்ற குரல் வரவில்லை. நானா கதவைத் திறந்தார், அமர்ந்தார், அவ்வளவுதான். டீவியைக் குறைக்கச் சொல்லவில்லை. கேள்விக்கு ஒரு சொல், அடுத்த கேள்விக்கு ஒரு தலையசைப்பு.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. இதை மறைத்துப் பயனில்லை. 'இன்று எடுபடவில்லை' என்று எழுதினேன். ஹார்ன் அடிக்கும் இடம் வந்தது. ஹார்னும் அடிக்கவில்லை. நானா கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு தாடையைத் தடவினார். பிறகு இடது தோளை.

நான் பேனாவை நிறுத்தினேன். அத்தனை புதன்கிழமைகளில் நானா ஒருதரமாவது வலியைச் சிறிதாகக் காட்டியதில்லை. பல்வலிக்கே இருக்கையை விட்டு எழும்புகிறவர் அவர். இந்த மனிதர் நடிக்கவில்லை. இந்த மனிதர் மறைக்கிறார்.

இரண்டு மாடியையும் எப்படி இறங்கினேன் என்று நாட்குறிப்பில் பதிவில்லை.

"தர்ஷினி, நிப்பாட்டும்!"

அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மேடம், இன்னும் மூண்டு கேள்விதான் கிடக்கு. நடுவில ஒருத்தரும் குறுக்கிடக் கூடாது, பதில் சொல்றவர் என்ன சொன்னாலும் முகத்தில காட்டாமல் அடுத்த கேள்விக்குப் போக வேணும் எண்டு உங்கட கைநூலிலதானே..."

"கைநூலைத் தூக்கி எறியும்! ஆளைப் பாரும்!"

பார்த்தாள். கையில் படிவம் இல்லாதிருந்தால் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்திருப்பாள், கெட்டிக்காரி. படிவம் கீழே விழுந்தது.

"ஒண்டுமில்ல மேடம்," என்றார் நானா. நெற்றியெல்லாம் வியர்வை. "வயித்துல காஸ் புடிச்சீக்குது. புள்ளட பேப்பர் முடியட்டும்."

ஆட்டோ ஒன்றைப் பிடித்துப் பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியிலும் அவர் ஆட்டோக்காரர் கிளச்சைப் பிடிக்கும் விதத்தைக் குறை சொன்னார். ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர் கேட்கத் தொடங்கியதும் எங்கள் பீடத்தின் மிகச் சிறந்த பதிலாளி ஊமையாகிவிட்டார்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"முன்னம் எப்பவாவது இப்படி?"

"இல்ல டொக்டர்."

"மூச்சு வாங்கிறதா?"

"இல்ல, இல்ல. எனக்கு ஒரு வியாதியும் இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "இரண்டு பதினேழுக்குக் கழுத்தில் வியர்வை. இரண்டு இருபதுக்குத் தாடை, இடது தோள். போன புதன்கிழமை படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றார். அதற்கு முந்தின வாரம் ஒரு இடத்தில். வெற்றிலையை விட்டு மூன்று வாரம்."

வைத்தியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வைஃபா?"

"இல்லை. உடன் வேலை செய்கிறவள்."

ஈசிஜி தாளைப் பார்த்ததும் வைத்தியரும் தாதிமாரும் ஓடத் தொடங்கினார்கள். தள்ளுவண்டியில் போகும்போது நானா என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க இவ்வளவு என்னப் பாத்துக்கொண்டீந்தீங்களா?"

எதற்காகப் பார்த்தேன் என்பதை விட்டுவிட்டு, "ஓம் நானா" என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மாரடைப்புத்தான், உரிய நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு, தோடம்பழம் ஆறுடன் மாளிகாவத்தை மாடிக் குடியிருப்புக்குப் போனேன். வாசலில் ஐந்து சோடிச் செருப்பு. உள்ளே நானா கட்டிலில் சாய்ந்திருந்தார். சுற்றிவர எங்கள் பீடத்துப் பிள்ளைகள். ஒருத்தி கையிலும் படிவம் இல்லை. ஒருத்தி காலடியில் இருந்தாள். தர்ஷினி மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கனக்கப் பேசவேணாம் எண்டு டொக்டர் சொன்ன," என்றார் அவருடைய மனைவி. "ஒருத்தர் ஒருத்தராத்தான் மேடம் பேச விடுறேன். கொஞ்சம் இரிங்க."

எனக்கு முன்னால் ஐந்து பேர். ஐவர் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளைகளுக்காக அவர் மீது பொறாமைப்பட்டவள், அன்று அவருக்காக அந்தப் பிள்ளைகள் மீது பொறாமைப்பட்டேன்.

பாயின் ஓரத்தில் அமர்ந்தேன். ஐந்து மணி ஐம்பதுக்கு என் முறை வந்தது. கேட்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"சாப்பிட்டீங்களா நானா?"