'வரேன்' என்றொரு படம்

மனித குலம் எழுத்தைக் கண்டுபிடித்தது ஒரு தவறு. அந்தத் தவறைத் திருத்திய பெருமை எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கே உரியது. அதிலும் குறிப்பாக, கடிதப் பிரிவின் தலைவனான எனக்கு. "தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்" என்று எழுதி எழுதியே வயிறு வளர்த்தவன் நான். சொற்களுக்குக் குழி தோண்ட என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

"இனிமே யாரும் படிக்க மாட்டாங்க. பார்ப்பாங்க," என்றார் மேலாளர். நான் கைதட்டினேன். உடனே எழுத்துக்குப் பதில் படம் வரையும் குழுவுக்குத் தலைவன் ஆனேன்.

எல்லாச் செய்திகளுக்கும் படம் வரைந்தோம். 'நன்றி', 'மன்னிக்கவும்', 'பணம் கிடையாது' மூன்றுக்கும் கும்பிடும் கை ஒன்றே போதும் என்று "ஏகமனதாக" முடிவானது.

சிக்கல் 'வரேன்' என்பதில் வந்தது. கதவைத் திறந்து, சிரித்த முகத்தோடு உள்ளே வரும் ஆளை வரைந்திருந்தேன். கணக்காளர் கையைத் தூக்கினார்.

"சார், சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்பறப்ப நான் உங்ககிட்ட என்ன சொல்றேன்?"

"வரேன்னு சொல்றீங்க."

"சொல்லிட்டு வரேனா, போறேனா?"

"போறீங்க."

"அப்போ படத்துல மட்டும் ஏன் சார் வராரு?"

அறையே அசந்துபோனது. ஆளைத் திருப்பி, முதுகு தெரியக் கதவுக்கு வெளியே அனுப்பினேன். மேலாளர் அங்கீகரித்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து கைபேசியில் செய்தி. வயிற்றில் கட்டி என்று மருத்துவமனையில் இருந்தாள். நாளைக்குத்தான் அறுவை சிகிச்சை என்றிருந்தார்கள். பாவம், அவளுக்கு இன்னும் எழுதும் பழக்கம் விடவில்லை.

"ஆபரேஷன் இன்னைக்கேவாம். இப்பவே உள்ள கூட்டிட்டுப் போறாங்க. பயமா இருக்கு. வரீங்களா?"

'இதோ வரேன்' என்று தட்டப் போனேன். ஆனால் பக்கத்தில் மேலாளர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுத் தலைவனே எழுத்தில் பதில் போட்டால் நிர்வாகம் என்னாவது? அப்போதுதான் பிறந்த படத்தை அனுப்பிவிட்டு, கூட்டத்தைப் பாதியில் விட்டு ஓடினேன்.

அறுவை அறையின் கதவு மூடியிருந்தது. வெளியே அவள் தம்பி நின்றிருந்தான்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? அக்கா அந்தப் படத்தையே பார்த்துட்டு இருந்தா. 'முதுகைக் காட்டிட்டுப் போறாருடா'ன்னா. அப்படியே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"டேய், அது வரேன்னு அர்த்தம்டா!"

"யாருக்கு மாமா?"

கதவு திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். இருட்டும் நேரத்தில் அவள் கண் விழித்தாள். என்னையே பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கடிதம் எழுதியவனுக்கு "தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன்" என்பதுதான் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, விரல்களை நெஞ்சுக்கு முன்னே சேர்த்து இதயம்போல் பிடித்தேன். 'அன்பு' என்பதற்கு எங்கள் குழு அங்கீகரித்த படம் அது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதுங்க. படம் காட்டாதீங்க."