ரவிக்கைத் துணியும் வெடிமருந்தும்

தியாகராய நகர்,
16-5-1995

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் இசக்கிமுத்து அவர்களுக்கு, மைத்துனன் சக்திவேல் வணங்கி எழுதுவது. இங்கே நானும் இசக்கியம்மாளும் மகள் கீர்த்தியும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும், தோட்டத்தில் பன்றி விரட்டத் தாங்கள் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் அந்த மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியும் சுகமென்று நம்புகிறேன். துப்பாக்கியை ஏன் விசாரித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் மாமா என்ற முறையில் கீர்த்திக்கு நாலு வரி கண்டித்து எழுத வேண்டும். நானே கண்டிக்கலாம்தான். ஆனால் இப்போது நான் கண்டிக்கும் நிலையில் இல்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து சும்மா இருக்கிறாளே என்று, பாலவாக்கம் சவுக்குத் தோப்பில் நடக்கும் கோடை முகாமில் அவளைச் சேர்த்தேன். என்ன வகுப்பு என்பதை அவளே எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள், "அப்பா, நல்ல காட்டன் துணி அரை மீட்டர் வேணும்" என்றாள். தையல் வகுப்பு என்று எனக்கு ஒரே பூரிப்பு. ஜவுளிக்கடைக்காரன் மகள் அல்லவா! கடையிலிருந்து முதல்தர ரவிக்கைத் துணியாக எடுத்துக் கொடுத்தேன். அதை ரூபாய்க் காசு அளவுக்கு வட்ட வட்டமாக வெட்டினாள். மறுநாள் பச்சைத் துணி, அதற்கு மறுநாள் ஊதா. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எம் மக எம்பிராய்டரி கத்துக்கிடுதா" என்று சொல்லித் தீர்த்தேன். அவள் சுடிதாரைத் துவைத்த இசக்கியம்மாள்தான், "ஏங்க, பிள்ள மேல தீவாளி வாசம் அடிக்கி" என்றாள்.

அது என்ன வகுப்பு என்று பார்த்துவிடலாமென்று, சனிக்கிழமை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு நானும் இசக்கியம்மாளும் ஆட்டோவில் போனோம். தோப்பு வாசலில் இறங்கினோமோ இல்லையோ, டமார்! ஆட்டோக்காரர், "இன்னா சார், டயர் பூட்ச்சா?" என்று குனிந்து மூன்று டயரையும் தடவிப் பார்த்தார். அடுத்த டமாருக்கு அவர் குனியவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டார். சாதத் தூக்கும் அவரோடு போய்விட்டது. உள்ளே மணல்மேட்டுக்கு எதிரே ஒரே புகை. புகை விலகினால் நம்ம கீர்த்தி நிற்கிறாள், கையில் அவள் உயரத்துக்குத் துப்பாக்கி!

பாய்ந்தேன். "சார், கயித்தத் தாண்டாதீங்க" என்று ஒரு குரல். சொல்லிக்கொடுக்கிற டீச்சர், கைசர் ஜஹான், ராயப்பேட்டைக்காரர். போலீஸ் அனுமதி, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குப் பஞ்சு எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டினார். "ஏம்மா, இந்தக் காலத்துல போயி குழாய் வாயில மருந்தக் கொட்டி இடிக்கிற துப்பாக்கியா?" என்றேன். "அதான் சார் வேணும். ஒருவாட்டி சுட்டா அடுத்ததுக்கு ரெண்டு நிமிஷம் ஆவும். பசங்க அவசரம்லாம் அதுலயே அடங்கிடும்" என்றார்.

எனக்கு அடங்கவில்லை அத்தான். "எங்க அத்தான் வீட்ல இதே துப்பாக்கிதான். நான் சுடாத பன்னியா?" என்று சொல்லிவிட்டேன். தாங்கள் மன்னிக்க வேண்டும், தங்கள் துப்பாக்கியை நான் துடைத்துக்கூடக் கொடுத்ததில்லை. "அப்ப நீங்களே சுடுங்க சார்" என்று கொடுத்துவிட்டார். குண்டைச் சுற்றித் துணி வைக்க வேண்டுமாம். சட்டைப் பையிலிருந்த பாலியஸ்டர் சாம்பிளை எடுத்தேன். "அது உருகி உள்ள ஒட்டிக்கும் சார், காட்டன் வைங்க." இருபது வருஷம் ஜவுளி விற்கிறவனுக்கே துணிப் பாடம்! அந்த எரிச்சலில் துணியை வைத்து, குண்டை வைத்து, கம்பியால் இடித்து, கேப் மாட்டி, கண்ணை மூடி, அழுத்தினேன். 'டப்' என்று கேப் மட்டும் வெடித்தது. அவ்வளவுதான். மருந்து போடவே இல்லை. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். 'நீயே சொல்லு' என்பது போலக் கீர்த்தியைப் பார்த்தார்.

நான் துப்பாக்கியோடு திரும்பப் போனேன்.

"அப்பா! அசையாதீங்க!"

வீட்டில் இன்னொரு தோசை வேண்டுமென்றுகூடக் கேட்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை அத்தான். அந்தக் குரல் கடற்கரை வரை கேட்டிருக்கும். "குழாய் மணல்மேட்டப் பாத்தே இருக்கட்டும், சில நேரம் தாமதமா வெடிக்கும். ஒரு நிமிஷம். நான் எண்ணுதேன்." அறுபதும் எண்ணினாள். இருபது பிள்ளைகள் பார்க்க, மூக்கு நுனி வியர்வையைக்கூடத் துடைக்காமல் நின்றேன். பிறகு டீச்சரும் அவளுமாகக் குண்டை வெளியே எடுத்தார்கள். கீர்த்தியே மருந்து அளந்து, மறுபடி கெட்டித்து, "கண்ண மூடாதீங்கப்பா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். சுட்டேன். தோள்பட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முகமெல்லாம் கரி. ஓட்டை விழுந்தது பக்கத்துப் பையனுடைய குறி அட்டையில். எல்லோரும் கைதட்டினார்கள். கீர்த்தி விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன், ரெண்டு பேருக்கும் நிக்கவே இல்ல அத்தான்.

இருந்தாலும் பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா? நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? எம்பிராய்டரி என்று நான் சொல்லிவைத்த ஆட்களுக்கு என்ன பதில் சொல்ல? ஆகவே, இந்த வாரத்தோடு நிறுத்தச் சொல்லித் தாங்கள் கண்டிப்பாக எழுதவும்.

அக்காவுக்கு என் வணக்கம். சாமி புண்ணியத்தில் மழை பெய்து தோட்டம் செழிக்கட்டும், பன்றிகளெல்லாம் பக்கத்து ஊருக்குப் போகட்டும்.

தங்கள் மைத்துனன்,
சக்திவேல்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். இதற்குள் நிலைமை மாறிவிட்டது. கண்டித்து ஒன்றும் எழுத வேண்டாம். 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முகாமில் போட்டி. பெற்றோருக்கும் ஒரு சுற்று உண்டாம், இசக்கியம்மாள் என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். தாங்களும் அக்காவும் வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் அவசியம் ஏறிவிட வேண்டும். கீர்த்தி சுடும்போது நான் ஒருத்தனே எழுந்து நின்று கத்தினால் நன்றாக இருக்காது. கூடக் கத்த நம்ம ஆட்கள் வேண்டும்.